மஞ்சள் புள்ளிகள் கிளம்பிய நேரம்

தேவிப்ரியாவுக்குப் பயம் வந்தால் துப்பட்டா நுனியைக் கடிப்பாள். ஆபீசில் ஐந்து வருஷமாக என் பக்கத்து மேசை. அவள் கடித்துத் துப்பிய நூலில் ஒரு சேலையே நெய்துவிடலாம் என்று நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணான நான் கேலி செய்வேன். அன்றைக்கு எனக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை.

எங்கள் வேலை இதுதான்: உடம்பில் கருவி கட்டிய பறவைகளும் மாடுகளும் எங்கெங்கே போயின என்று மேப்பில் ஓடவிட்டுக் காட்டுவது. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. மூலையில் கடிகாரம் ஓட, புள்ளிகள் நகரும். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று என் மாமியார் இன்னும் நம்பவில்லை.

தேவிப்ரியா தென்னேரிக்காரி. அவள் அண்ணன் குரு அங்கே வாத்து வளர்க்கிறார். சோதனைக்காக அவர் வாத்துகள் சிலவற்றுக்கு இவளே கருவி கட்டிவிட்டிருந்தாள். அந்த வாரம், கருவி கட்டிய நாரை ஒன்று தென்னேரி ஏரியில் செத்துக் கிடந்தது. பறவைக் காய்ச்சல். அதனோடு எந்த வாத்துகள் மேய்ந்தன என்று மேப் போட்டு அனுப்பச் சொன்னார் கால்நடை டாக்டர். மேய்ந்திருந்தால் சோதனை செய்வார்கள். நோய் இருந்தால் மொத்தப் பட்டியையும் அழித்துவிடுவார்கள். குருவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

முதலில் எல்லாத் தடங்களையும் ஒரே படமாகப் போட்டாள். நாரையின் சிவப்பும் வாத்துகளின் மஞ்சளும் ஏரியில் மிஞ்சின தண்ணீர் வழியும் கலங்கல் பக்கம், தறிப் பாவில் விழுந்த நூல் சிக்கு மாதிரி பின்னிக்கிடந்தன.

"போச்சுடி காயத்ரி" என்றாள்.

"அட, ஓடவிட்டுப் பாருடி. ஒரே இடம்னா ஒரே நேரமாயிடுமா?" என்று அதட்டினேன்.

ஓடவிட்டாள். மதியமே மஞ்சள் புள்ளிகள் பட்டிக்குத் திரும்பிவிட்டன. சாயங்காலம்தான் நாரை இறங்கியது. அப்பாடா! எனக்கே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவள் உடனே அண்ணனுக்கு போன் போட்டாள். "ஒண்ணும் இல்லண்ணா. நிம்மதியா இரு."

அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை ஓடவிட்டாள். துப்பட்டா மறுபடி வாய்க்குப் போனது.

"இப்ப என்னடி?"

"அண்ணன் விடியாம பட்டிய தொறக்காது. இங்க பாரு, நடுராத்திரி தாண்டினதுமே வாத்துங்க கிளம்புது."

கருவிகளின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். வாத்துக் கருவிகள் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய லண்டன் நேரத்தில் பதிந்திருக்கின்றன. நாரையின் கருவி நம் நேரத்தில். வாத்துகளின் நேரத்தை அவ்வளவு தள்ளிப் போட்டால், சாயங்காலமும் அவை ஏரியில்தான்.

"டாக்டருக்கு இது தெரியவே போறதில்ல" என்றேன்.

என்னை முறைத்தாள். "அனு அதுங்களோடதான்டி வெளையாடிக்கினு இருக்குது."

அனு குருவின் மகள். வாத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் சோறே தின்னும்.

நேரத்தைத் திருத்தினாள். இந்தத் தடவை சிவப்புப் புள்ளி மஞ்சள் புள்ளிகளுக்கு நடுவிலேயே வந்து இறங்கியது. அதை டாக்டருக்கு அனுப்பிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் குருவின் குரல் கேட்டது.

"ஒண்ணும் இல்லன்னு இப்பதானே சொன்ன?"

"தப்பா பாத்துட்டேண்ணா. முதல்ல அனுவ பட்டியாண்ட உடாத."

"யாரு கண்டுபுடிச்சாங்க?"

"நான்தாண்ணா."

போன் வைக்கப்பட்டது.

சோதனையில் நோய் இருந்தது. பட்டி காலியானது. அனுவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். குரு அதற்கப்புறம் தங்கையோடு பேசவில்லை. இவள் டிபன் பாக்ஸைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

போன வாரம் ஆபீஸ் வாசலில் குரு நின்றார். "மேல வாங்கண்ணா" என்று கூப்பிட்டேன், வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே வாத்துகளுக்குக் கட்டியிருந்த அந்தக் கருவிகள்.

"தேவியாண்ட குடுத்துடும்மா. பிளீச்சிங் பவுடர் தண்ணியில நல்லா கழுவிட்டன். பயப்படாம தொட சொல்லு."

மேலே போய் அவள் மேசையில் வைத்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். தேவிப்ரியா செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.