அட்டையில் விழாத வெளிச்சம்

லேசர் ஒளியில் செய்தி அனுப்பும் கருவியைக் கல்லூரியிலிருந்து ஒரு வாரத்துக்கு வாங்கி வந்திருந்தேன். கம்பி கிடையாது, வெட்டவெளியில் ஒளிதான் போகும். உப்பளத்தின் மேல் மதியக் காற்று நெளியும்போது ஒளி சிதறி, செய்தியில் எழுத்துகள் விட்டுப்போகும். அவற்றைக் கணக்குப் போட்டு மீட்கும் குறியீடு எழுதுவது என் ஆராய்ச்சி. அதைச் சோதிக்க மரக்காணத்தில் அம்மா வேலை செய்யும் உப்பளத்துக்கே போனேன்.

ஒளியை வாங்கும் கருவியோடு எதிர்க்கரையில் அம்மாவை நிறுத்தினேன். கருவியின் மேல் ஒரு வெள்ளை அட்டை. விடியலில் காற்று அடங்கியிருக்கும்போது, நான் அனுப்பும் சிவப்புப் புள்ளி அதன் நடுவில் விழ வேண்டும். போனில் கேட்டுக் கேட்டு லேசரைத் திருகுவேன்.

"தெரியுதாம்மா?"

"தெரியுதுபா. நட்ட நடுவுல."

கூட வேலை செய்யும் அக்கா ஒருத்தியின் குரலும் போனில் கேட்டது. "இன்னாக்கா, உம் புள்ள அட்டையில படம் காட்றானா?"

"ஆமாண்டி, டிக்கெட் எடுத்துக்குனு வா."

மூன்று நாளும் செய்தி பாதிகூட வரவில்லை. வெயிலைத்தான் சந்தேகப்பட்டேன். நேரத்தைப் பதினாறு கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் மின்னுகிறதோ அதுவே எழுத்து என்று மாற்றினேன். ஒரேயடியாக ஒரு துண்டு போனாலும் எல்லாச் சொல்லிலும் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று எழுத்துகளைக் கலைத்து அனுப்பினேன். பலனில்லை.

நான்காம் நாள் விடியலில் அம்மாவின் போனில் சார்ஜ் இல்லை. வரப்பிலேயே நடந்து போனேன்.

புள்ளி அட்டையில் இல்லை. ஒரு சாண் தள்ளி, புடவைக்கு மேல் அவள் போட்டிருந்த அப்பாவின் பழைய சட்டைக் கையில் துடித்துக்கொண்டிருந்தது.

"தெரியுதாம்மா?"

"தெரியுதுபா."

"எங்க, காட்டு."

அட்டையைத் தடவிப் பார்த்து, நடுவில் விரலை வைத்தாள்.

நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எதைச் சொன்னாலும் "புரியுதுபா" என்றுதான் சொல்வாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என் படிப்பு தன்னால் தடைப்படக் கூடாது அவளுக்கு.

கருவியை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டு அவளைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணில் அழுத்தம், ரொம்ப நாளாக இருந்திருக்கிறது என்றார் டாக்டர். வலது கண் போய்விட்டது. இடதில் மிச்சம் இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம், போனது வராது.

திரும்பும் பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் கேட்டாள்.

"ஏம்பா, என்னால உன் வேல கெட்டுப்போச்சா? இல்ல அந்த லைட்டு சரியா வந்துச்சா?"

"வந்துடுச்சிம்மா," என்றேன். "நட்ட நடுவுல."