காபி டம்ளரில் வண்ணத் தண்ணீர்

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, வீட்டிலேயே இருந்த எனக்கு வாட்டர் கலர் ஓவியம் பழக ஆசை வந்தது. உறையூர்க் கடையொன்றில், லேபிளே இல்லாத மலிவான வண்ணக் கட்டிகளைத்தான் முதலில் எடுத்தேன். உடன் வந்த மகள், "இதுல என்ன கலந்திருக்குன்னே போடலம்மா, வேற எடு" என்று வேறொரு பெட்டியை வாங்க வைத்தாள்.

பிரஷ் கழுவத் தனியாக எதுவும் வாங்கவில்லை. காபி டம்ளர் ஒன்றையே வைத்துக்கொண்டேன். ஒரு நாள் ஜீயபுரம் வாழைத்தோட்டத்தை வரைந்துகொண்டிருந்தேன். மண்ணுக்குப் பழுப்பு நிறம் தீட்டியதில் தண்ணீரும் காபி நிறமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், அதை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார்.

"என்ன காபி இது? சக்கரையே போடலையா?"

"ஐயோ, அது பிரஷ் கழுவின தண்ணி!" என்று கத்தினேன். வண்ணப் பெட்டியோடு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். அவரைப் பரிசோதித்துவிட்டு, டாக்டர் லேபிளை நிதானமாகப் படித்தார்.

"பயப்படாதீங்கம்மா, இதுல விஷம் எதுவும் இல்ல. பெட்டியைக் கொண்டுவந்தது நல்லதாப் போச்சு."

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் பரணில் போட்டுவிட்டேன். மறுநாள் கணவரே இறக்கிக் கொடுத்தார். "பார்க்காம குடிச்சது நான். நீ ஏன் நிறுத்தணும்?" என்றார்.

இப்போது பிரஷ் கழுவுவதற்கென்றே அகலமான கண்ணாடி பாட்டில் வைத்திருக்கிறேன். போன வாரம், தானும் வரையப் பழக வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண் கடைக்கு அழைத்தார். அவர் நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் திருப்பி, லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன்.