சொர்ணலதா கேட்ட கேள்விகள்

மைசூரு சரஸ்வதிபுரத்தில் நினைவுக் கோளாறுகளுக்கென்றே ஒரு சிறிய மருத்துவமனை இருக்கிறது. அங்கே சொர்ணலதா பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். வயது ஐம்பத்தேழு. டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவள் அறையில் கால் மணி நேரம் உட்கார வேண்டும். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், என்ன மாதம் என்று கேட்பாள். குடை, கிணறு, சீப்பு, மஞ்சள், தையல் என்று ஐந்து சொற்களைச் சொல்லி, நடுவில் ஒரு கடிகாரம் வரையச் சொல்லிவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்பாள். பிறகு படிவத்தில் மதிப்பெண் போடுவாள். அவள் பிறந்தது ஹனூர் அருகே, தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் இருக்கிற ராமாபுரம். அதனால் ஹனூர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழர்கள் வந்தால் அவளிடம்தான் அனுப்புவார்கள்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை ராமாபுரத்திலிருந்து வேலாயுதம் வந்தார். அறுபத்து நாலு வயது விவசாயி. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார், பேச்சில் தடுமாறுகிறார் என்று மனைவி கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாள் வெளியே காத்திருந்தார்.

சொர்ணலதாவுக்கு அன்று காலை பஸ்ஸில் கண்ணயர்ந்தது நினைவிருந்தது. விழித்தபோது ஈரச் சாம்பல் வாடை அடித்தது. யாரோ அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்ததுபோல. சுற்றிப் பார்த்தாள், எங்கும் புகை இல்லை. அதற்கடுத்து அவளுக்குத் தெரிந்தது, தன் அறையில் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்ததும், எதிரே வேலாயுதம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்ததும்தான்.

"அம்மிணி, இதோட மூணு தடவை கேட்டுப்போட்டீங்க. இன்னும் எத்தன தடவைங்க?"

சொர்ணலதா சிரித்தாள். அங்கே வருகிறவர்கள் அப்படிச் சொல்வது வழக்கம்தான். "கடைசி தடவைங்க. அந்த அஞ்சு வார்த்தையும் சொல்லுங்க."

தயங்காமல் ஐந்தையும் சொன்னார். ஐந்துக்கு ஐந்து போட்டு உள்ளே அனுப்பினாள். டாக்டர் மேகனா படிவத்தைப் பார்த்துவிட்டு, வயசுக்கேற்ற மறதிதான், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மதியம் மேஜையை ஒழுங்குபடுத்தும்போது, அட்டைக்கு அடியில் இன்னும் இரண்டு படிவங்கள் கிடைத்தன. இரண்டிலும் வேலாயுதத்தின் பெயர். இரண்டும் அவள் கையெழுத்து. முதலாவது பத்து மணிக்கு எழுதியது, மதிப்பெண் இரண்டு. அடுத்தது பத்தேகாலுக்கு, மதிப்பெண் நாலு. திரும்பத் திரும்பக் கேட்டு அவள்தான் அவருக்குச் சொற்களைப் பாடமாக்கியிருந்தாள்.

முதல் படிவத்தில் கிழமைக்கு நேரே 'செவ்வாய்' என்று நோயாளியின் பதில் இருந்தது. அதன் பக்கத்தில், குறிப்பெழுத விட்ட இடத்தில், அவளுடைய குண்டு எழுத்தில் 'நிஜமாகவா?' என்றிருந்தது. ஊருக்கு நேரே 'மைசூரு'. அதன் கீழே, 'என்னை யார் கூட்டி வந்தது?'

அதைப் படித்தபோது யாரோ தன் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனதுபோல் இருந்தது. எழுந்து கதவைச் சாத்தினாள். ஐந்து சொற்களையும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எல்லாம் வந்தன. கடிகாரமும் சரியாக வரைந்தாள். பிறகுதான் உறைத்தது: தன் நினைவே முழுக்கப் போனாலும் இந்தச் சொற்கள் போகாது. ஊரையெல்லாம் சோதிக்கிற சோதனை அவளைச் சோதிக்க உதவாது.

சாயங்காலம் வீட்டில் கணவர் விஜய்குமாரிடம் மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, நான் கேட்டதையே திரும்பக் கேக்கறனா?"

அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "காலையில கேப்பியே. எந்திரிச்சதும் என்ன கெழமை, நம்ம எங்க இருக்கோம்னு. மாசத்துல ரெண்டு மூணு நாள். நானும் சொல்லுவேன்."

"எப்ப இருந்து?"

"வருஷம் ஒண்ணரை இருக்கும். என்ற அப்பாவுக்குக் கடைசியில மறதி வந்துச்சல்ல? எனக்கும் வருதான்னு நீ டெஸ்ட் பண்றேன்னு நெனச்சேன். தப்பில்லாம சொல்லோணும்னு முந்தின நாளே கேலண்டர் பாத்துக்குவேன்." அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கத்தி நின்றது. "இல்லியா லதா?"

அவள் கத்தியை வாங்கி மீதி வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள். ஒன்றரை வருஷமாக எத்தனை பேரிடம் உண்மையாகவே தெரியாமல் கேட்டிருப்பாள்? கிழமை தெரியாதவள் கிழமை கேட்பதுதான் அந்த அறையில் வேலை. யாருக்கும் சந்தேகம் வராது. நோயாளிகளும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்த இரண்டு படிவங்களைக் கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. ஆனால் வேலாயுதம் ஐந்துக்கு ஐந்து என்று நம்பி ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் காலை மூன்று படிவங்களையும் டாக்டர் மேகனாவின் மேஜையில் வைத்தாள்.

"இது நான் செஞ்சதுதான் டாக்டர். எனக்கு ஞாபகமில்ல. அவரைத் திரும்பக் கூப்பிடுங்க. அப்புறம் என்னையும் பாருங்க."

மேகனாவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். மூன்று படிவங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். விஜய்குமாரை வரவழைத்து, எத்தனை நிமிஷம் நீடிக்கும், அப்போது மற்ற வேலைகளைச் சரியாகச் செய்வாளா என்று விசாரித்தார். "காபியெல்லாம் சரியாத்தாங்க போடுவா. கேள்வி மட்டும்தான் திரும்பத் திரும்ப வரும். முக்கால் மணி நேரத்துல சரியாயிடும்." சொர்ணலதா அன்று பஸ்ஸில் அடித்த சாம்பல் வாடையைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்தார்.

தலையில் ஒயர்களை ஒட்டி, அவளைத் தூங்கவைத்து, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள்.

மேகனா கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்: "ஹெதரபேடி லதா மேடம், பயப்படாதீங்க. நீங்க நெனச்ச மறதி நோய் இல்ல. இது வலிப்புல ஒரு வகை. கை கால் இழுக்காது. நினைவைப் பதியற எடத்துல மட்டும் வருது. தூங்கி முழிக்கும்போது அதிகம். அந்தச் சாம்பல் வாடையும் அதாலதான். மாத்திரைக்கு அனேகமா நின்னுடும்."

"போனதெல்லாம் திரும்ப வருமா?"

"அதைச் சொல்ல முடியாது. வராமலும் போகலாம். இந்த வலிப்புல, அது வராத நாள்ல நடந்ததுகூடச் சிலது அழிஞ்சிருக்கலாம்."

வேலாயுதத்தை அடுத்த வாரமே வரவழைத்தார்கள். வேறொருவர் வேறு சொற்களை வைத்துச் சோதித்தார். வேலாயுதம் ஐந்தில் ஒன்றுதான் சொன்னார். ரத்தத்தில் பி12 சத்து அடியோடு குறைந்திருந்தது. ஊசி போட ஆரம்பித்தார்கள். தீபாவளி கழித்து வந்தபோது, மனைவி பேச்செடுக்கும் முன்பே அவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

சொர்ணலதாவுக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு முறைதான் வந்தது. அதற்குப் பின் ஐந்து மாதமாக இல்லை. முதல் மூன்று மாதம் அவளுக்குச் சோதனை வேலை கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தார்கள். பழைய படிவங்களையெல்லாம் எடுத்து, அந்த ஒன்றரை வருஷத்தில் தான் தவறாகச் சோதித்திருக்கலாம் என்று சந்தேகப்பட்ட பதினோரு பேரை அவளே போனில் கூப்பிட்டு வரச் சொன்னாள்.

பிப்ரவரியில் மகள் தமிழ்ப்ரியா பெங்களூரிலிருந்து வந்தாள். பேச்சுவாக்கில் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். மேல்கோட்டை மலைப் படிகள். நல்ல வெயில். படியில் உட்கார்ந்து சொர்ணலதா, சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழகிய கதையைக் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் விஜய்குமார் சிரிப்பது கேட்டது.

"இது எப்ப?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம்மா. உன் பர்த்டே. ஃபுல் டே அங்கதான் இருந்தோம், மறந்துட்டியா?"

சொர்ணலதா மீண்டும் போட்டுப் பார்த்தாள். அந்தப் பச்சைப் புடவை பீரோவில் இருந்தது. குரல் அவளுடையது. வீடியோவிலிருந்த அந்தப் பெண் மிக நன்றாகக் கதை சொன்னாள், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முடிவில் அவள் காமிராவை நேராகப் பார்த்து, "என்ன, நம்பலையா?" என்றாள்.

சொர்ணலதா போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு மகளிடம், அன்றைக்கு என்னென்ன சாப்பிட்டோம், யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். தமிழ்ப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புளியோதரையிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.