பூஜையில் வைத்த டிஸ்க்

திருப்பதியில் ஒரு தனியார் புற்றுநோய் ஆஸ்பத்திரி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் பிரமிளா. நகரிக்காரி, பவர்லூம் வீட்டுப் பெண். சித்தூர், புத்தூர் கிளைகளும் அதே நெட்வொர்க்கில்தான். பெயர்தான் சிஸ்டம் இன்சார்ஜ். ஏசி சொட்டினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் உருப்படியான காரியம் ஒன்றைத் தவறாமல் செய்துவந்தாள். சாயங்காலம் எல்லா ரெக்கார்டையும் ஒரு டிஸ்க்கில் காப்பி எடுப்பாள். எடுத்ததும் வயரைப் பிடுங்கி, டிஸ்க்கை பீரோவில் வைத்துப் பூட்டுவாள். எந்த வைரஸ் வந்தாலும் வயர் இல்லாத டிஸ்க்கை அது தொட முடியாது.

ஆயுத பூஜை அன்று நிர்வாக அதிகாரி நாகபூஷணம் புது வேட்டியில் வந்து நின்றார். "எல்லா மிஷினும் ஆன்ல உண்டாலம்மா, ஆன்லயே இருக்கணும். லைட்டே எரியாத வஸ்துவுக்கு ஏம் பூஜை?" என்றார். டிஸ்க்கையும் வெளியே எடுத்து, வயர் மாட்டி, பச்சை விளக்கு எரிய, சந்தனம் குங்குமம் இட்டார்கள். கற்பூரம் காட்டினார்கள், பொரி தின்றார்கள், கிளம்பினார்கள். பிரமிளாவின் கை மட்டும் வயர் வரைக்கும் போய்த் திரும்பியது. அவள் வீட்டில், பூஜையில் வைத்த, தறியில் நூல் ஓட்டும் நாடாவை மறுநாள் காலை பூஜை முடியாமல் யாரும் தொடமாட்டார்கள். ஒரு ராத்திரிதானே என்று ரூமைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திருடனுக்குப் பண்டிகை நாளைவிட நல்ல நாள் ஏது? சித்தூர் கிளையில் யாரோ பில் என்று நினைத்துத் திறந்த மெயில் வழியாக உள்ளே வந்து, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த வைரஸ் சனியன், அன்று எழுந்து நடந்தது. சித்தூரிலிருந்து புத்தூர், புத்தூரிலிருந்து திருப்பதி என்று ஒன்று விடாமல் பூட்டிக்கொண்டே வந்தது. கடைசியில் குங்குமம் வைத்த டிஸ்க்கையும் பூட்டியது. காலையில் எல்லாத் திரையிலும் ஒரே வாசகம்: சாவி வேண்டுமானால் பணம் கொடு.

பிரமிளா அழவில்லை. வயர்களைப் பிடுங்கினாள், ஹைதராபாத்திலிருந்து வந்த நிபுணர்களுக்குக் காபி சொன்னாள். மத்தியானம் சாப்பிட்டாள்; என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முதலாளிகள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நாகபூஷணம் டிஸ்க் பேச்சையே எடுக்கவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை.

வெளியே பெஞ்சில் ரத்னம்மா உட்கார்ந்திருப்பாள். பிச்சாட்டூர் விவசாயக்காரி, கன்னத்தில் புற்று. ரேடியேஷனை அந்தப் பக்கம் கரண்ட் வைப்பது என்பார்கள். அவளுக்குப் பாதி கரண்ட் வைத்தாகிவிட்டது, கட்டியும் கரைந்துகொண்டு வந்தது. எந்த இடத்தில், எவ்வளவு என்ற விவரமெல்லாம் பூட்டிய கம்ப்யூட்டருக்குள். பேப்பரில் எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். தெரியாமல் வைத்தால் நல்ல சதை வெந்துபோகும். வைக்காமல் விட்டால் கட்டி திரும்ப எழும்பும்.

"இன்னிக்காவது கரண்ட்டு வெப்பாங்களா கண்ணு?"

"இல்ல பெரிம்மா."

வாரங்கள் போயின. ஒருநாள் அவளே கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "மறுபடியும் வளந்துக்கினு வருது பாரு." டாக்டர் பார்த்துவிட்டு வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். இனி கரண்ட் மட்டும் போதாது, தாடையை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பிரமிளா கூடவே போனாள். வேலூர் பஸ்ஸின் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டாள். "பெரிம்மா, உங்க வைத்தியத்தோட காப்பி என்கிட்ட ஒரு டிஸ்க்குல இருந்துச்சி. பூஜையில வெச்சத எடுக்காம வூட்டுக்குப் போய்ட்டேன். எடுத்திருந்தா அந்த வாரமே உங்களுக்கு கரண்ட்டு வெச்சிருப்பாங்க."

யாராவது திட்டினால் அழுதுவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் காத்திருந்தாள். திட்ட உரிமை உள்ளவள் இவள்தான்.

ரத்னம்மா பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"பூஜையில வெச்சத யாருமா எடுப்பாங்க? உங்க வூட்ல உன்ன நல்லா வளத்திருக்காங்க."

பஸ் போன பிறகும் பிரமிளாவுக்கு அழுகை வரவில்லை.