லாபம், ரெண்டு, மூணு

எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறினால் எழும் வாசனை தெம்பு தரும் என்று ஊரே சொல்கிறது. எனக்கோ அது பெட்ரோல், புளிச்சோறு, பக்கத்து மடியில் ஒருவன் எடுத்த வாந்தி ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் மூக்குக்குள் கொண்டுவந்து இறக்கிவிடும். "மோந்துகிட்டே வாங்க, கொமட்டாது" என்று அம்மா எங்கள் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு பழம் கொடுத்திருந்தாள். டோல்கேட் தாண்டுவதற்குள் நான்கு பேர் பழத்தைத் தின்றிருந்தார்கள். மற்ற மூவர் வாந்தி எடுத்திருந்தார்கள்.

ராயபுரத்திலிருந்து பொன்னேரிக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோம். ரயில் இருந்தது. ரயிலில் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் சித்தப்பா, வெள்ளைக்கார துரை யாரோ ஏறி இறங்கி ஓய்ந்த ஒரு மோட்டாரை வாடகைக்குப் பிடித்துவிட்டார். மோட்டாரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஹாரனின் ரப்பர் குமிழ் ஒன்றுதான். அதை அமுக்குவதற்காகவே முன்னால் உட்கார்ந்து, மாடு வந்தாலும் அமுக்கினார், மாடு போனாலும் அமுக்கினார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று, அவருடைய பிள்ளைகள் நான்கு, அப்பா, அம்மா, டிரைவர் சம்பந்தம். அந்த வண்டி நகர்ந்ததே பெரிய காரியம்.

ஏழில் மூத்தவன் நான், வயது ஒன்பது. அந்தப் பதவியின் மகிமையை இங்கே சொல்லியாக வேண்டும். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து ராயபுரத்தில் தானிய மண்டி வைத்திருந்த அப்பா, மரக்காலால் அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்பார், அப்புறம்தான் ரெண்டு, மூணு. மண்டிப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கிளம்பும்போதும் திருவொற்றியூரில் இளநீர் குடித்து ஏறும்போதும் என் தலையில் கைவைத்து "லாபம்" என்றுதான் எண்ணத் தொடங்கினார். எனக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருந்தது. அந்தக் கொம்போடுதான், என் புதுச் சட்டையில் வாந்தி எடுத்த கடைக்குட்டி செல்லையாவிடம், "தண்ணில குதிச்சுச் சாவுலே" என்றேன்.

திருவொற்றியூர் தாண்டி, கால்வாயைக் கடந்து, சடையங்குப்பம் அருகே வந்ததும் வண்டி புகைந்து நின்றது. சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் அத்தனையும் உப்பு. நல்ல தண்ணீர் தேடி அப்பாவும் சித்தப்பாவும் ஒரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தார்கள். ஐம்பது அடியில் இருந்த குடிசையில் கேட்டு ஒரு குடம் வாங்கி அம்மா வாந்திச் சட்டைகளை அலசத் தொடங்கியதை அந்தப் பகீரதர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. போகிறபோது அப்பா டிரைவரிடம், "புள்ளைய கால்வாப் பக்கம் போவாமப் பாத்துக்கிடும். ஏளு இருக்கணும், எண்ணி ஏத்தும்" என்றார். என்னிடம், "ஒண்ணு கொறஞ்சாலும் ஒன்னத்தாம்ல கேப்பேன்."

நண்டு பிடிக்கச் சிதறியவர்களை சம்பந்தம் அதட்டி ஏற்றினான். முதலாளி எண்ணுகிற தினுசு அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. என் தலையில் கைவைத்து, பயபக்தியோடு, "லாபம்" என்றான். பிறகு அடுத்த தலைக்குப் போய், "ஒண்ணு, ரெண்டு..." ஆறில் நின்றான்.

"இன்னாடா இது, ஒண்ணு கொறையுது!"

மறுபடி லாபம், மறுபடி ஆறு. பாவி, அதை ஏதோ சாமி பெயர் என்று நினைத்துவிட்டான். "பேஜாராப் பூட்ச்சே" என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

யார் இல்லை என்று பார்க்க அவனுக்கும் தோன்றவில்லை, மண்டிக்காரன் பிள்ளையான எனக்கும் தோன்றவில்லை. எண்ணிக்கை குறைந்தால் சரக்கு குறைந்ததுதான். எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது. செல்லையா குதித்துவிட்டான் என்றே முடிவுகட்டினேன். கால்வாய் கிழக்கே இருந்தது. நான் மேற்கே ஓடினேன். மிதப்பதை நான் பார்க்கவேண்டாமே! இத்தனை வயதில் எத்தனையோ கோழைகளைப் பார்த்துவிட்டேன். தேடப் போகிறேன் என்று கத்திக்கொண்டே எதிர்த்திசையில் ஓடிய ஆள் என்னைத் தவிர வேறில்லை.

மணலியில் மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னா நைனா, யாரத் தேடிகினு ஓடற?"

"ஒரு புள்ள கொறையுது!"

"எந்தப் புள்ள?"

செல்லையா என்று வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயந்து, "தெரியல" என்றேன்.

"பேரு தெர்யாம தேட்றதுக்கு அது இன்னா, நெத்திலியா? எத்தினி பேரு நீங்கோ? பேரச் சொல்லு."

அழுதுகொண்டே சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும், "வண்டில பாத்தியா?" என்று கேட்டு விரலை மடக்கினாள். செல்லையா வந்தபோதுதான் ஞாபகம் வந்தது: நான் குதித்திறங்கியபோது மிதித்தது அவன் காலைத்தான், "அம்மா!" என்று அலறியதும் அவன்தான்.

"ஆறு பேரும் வண்டில கீறாங்கோ. ஏழாவது யாரு?"

"நாந்தான்."

அவள் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அட கஸ்மாலம்! ஒன்னத் தேடிகினா நீ ஓடற?"

அவள் சிரித்துக்கொண்டே என்னை இழுத்துவந்தபோது வண்டிக்குள் ஆறு பேரும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா, "ஆரைக் காணும்?" என்று ஒரே கேள்வி கேட்டிருக்கிறாள். அதற்குள் நிஜமாகவே ஒருவன் குறைந்திருந்தான். நான் பார்க்கப் பயந்த கால்வாயில், இடுப்பளவு தண்ணீரில், நீச்சல் தெரியாத அம்மா நின்றுகொண்டு காலால் துழாவித் துழாவி என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் கரையேறி, ஈரக் கையால் ஓர் அறை விட்டாள். உப்புக் கரித்தது. டின் நிறையத் தண்ணீரோடு வெற்றி வீரர்களாகத் திரும்பியவர்களிடம் சம்பந்தம் எல்லாவற்றையும் சொன்னான். சித்தப்பா ஹாரனை அமுக்கவில்லை. அப்பா எங்களை வரிசையாக நிறுத்தி, என் தலையில் கைவைத்து, "லாபம்" என்றார். கையை எடுத்து அடுத்த தலைக்குப் போக வெகுநேரம் ஆயிற்று.

காது குத்தி முடிந்து பந்தி பரிமாறிய பிறகுதான் பொன்னேரி போய்ச் சேர்ந்தோம்.

இப்போது மரக்கால் இல்லை, மண்டி இல்லை. நாங்கள் நண்டு பிடித்த இடத்தைச் சுற்றித் தொழிற்சாலைச் சுவர். போன மாதம் என் பிள்ளைகள் மூன்று பேரை அதே சாலையில் பஸ்ஸில் அழைத்துப்போனேன். ஏறும்போது மூத்தவள் தலையில் கைவைத்து "லாபம்" என்றேன். "மானத்த வாங்காதீங்கப்பா" என்று கையைத் தட்டிவிட்டாள். சரிதான். நான் இறங்கும்போதும் ஏறும்போதும் என் தலையைத் தொட அப்பா இல்லை. கால்வாயில் இறங்கிக் கூப்பிட அம்மாவும் இல்லை. இப்போதெல்லாம் நான் வெறும் ஒன்று.