மாப்பிள்ளைப் பாம்பும் ஒரு துளி ரத்தமும்

வெர்னா கோவாச் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். எங்கள் ஓஹையோ பக்கத்துச் சாலைகளில் பனி கொட்டுகிற காலையிலும் பிள்ளைகளைத் தாமதமாகக் கொண்டுபோய் இறக்கினாள் என்ற பேச்சே கிடையாது. பஸ்ஸுக்குள் கூச்சல் போட்டால் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். பின்சீட்டுப் போக்கிரிகள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்ததும் நிலவறைக்கு இறங்கிப்போய்ப் பாம்புகளோடு குழைந்து பேசுவாள். எல்லாம் விஷமில்லாத போவாக்கள், மலைப்பாம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. "நானா பாம்பா, முடிவு பண்ணு" என்று ஒருநாள் கணவன் கேட்டானாம். இவள் யோசிக்கவே இல்லையாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், கொஞ்சம் குறைத்துத்தான் நம்ப வேண்டும்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் பாம்பு வளர்ப்போர் சங்கத்துப் படை பாம்புக்கு ஒன்று என்றால்தான் நடுங்கும். ஒருவர் புதிதாகப் பாம்பு வாங்கிவந்தால் அதற்கு மூன்று மாதம் தனி அறை, தனித் தண்ணீர்க் கிண்ணம், தனிக் கொக்கி. அதைத் தொட்ட கையோடு இன்னொன்றைத் தொட்டால் சங்கத்தில் மானம் போய்விடும். ஆனால் இதே ஆட்கள் குளிர்காலத்தில் இணைசேர்க்க ஆண் பாம்பை இரவல் வாங்கும்போது இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. தலையணை உறையில் போட்டு எடுத்துவந்து நேராகப் பெண்ணின் பெட்டிக்குள் விட்டுவிடுவோம். மூன்று மாதம் காத்திருந்தால் பருவம் போய்விடுமே! அதுவுமில்லாமல் தெரிந்த வீட்டுப் பாம்பு. மாப்பிள்ளையை வாசலில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்?

எங்கள் ஊர் மாப்பிள்ளை வெர்னாவின் ஆண் போவா டீக்கன். வால் செங்கல் நிறம், உடம்பு என் தொடை கனம், குணம் பசு. பனி விழத் தொடங்கினால் வீடு வீடாக விருந்துக்குப் போவான். பிறக்கும் குட்டிகளில் வெர்னா முதலில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்வாள், அதுதான் வழக்கம். என் வீட்டுக்கும் வந்து தங்கியிருக்கிறான்.

போன வசந்தத்தில் டுவைட் ஷிம்கோவின் பெண் போவா இரையைக் கக்க ஆரம்பித்தது. டுவைட் எங்கள் சங்கத் தலைவர், டயர் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். பிறகு அது தலையை மேலே தூக்கிக் கூரையைப் பார்த்தபடியே கிடந்தது. மல்லாத்தினால் திரும்பிப் படுக்கத் தெரியவில்லை. செத்துப்போனது. அறுத்துப் பார்த்த டாக்டர் பாங்கோ, போவாக்களுக்குள் பரவுகிற வைரஸ் என்று சொன்னார். எங்கள் வட்டாரத்தில் பாம்புக்கு வைத்தியம் பார்க்கும் ஒரே ஆள் அந்தப் பெண்தான்.

டீக்கன் வந்துபோன பிறகுதான் இப்படி என்று டுவைட் நாலு பேரிடம் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாரம் முடிவதற்குள் வெர்னாவின் வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை என்றாகிவிட்டது.

வெர்னா தானாகவே டீக்கனைக் கொண்டுபோய் வாலில் ரத்தம் எடுக்கச் செய்தாள். பாசிட்டிவ். ஆனால் அவன் தின்கிறான், மினுமினுப்பாக இருக்கிறான், உருளையாகச் சுருண்டு தூங்குகிறான். நோய் வருமா என்று கேட்டாள். வரலாம், வராமல் பல வருஷம் இப்படியே இருக்கலாம் என்றார் டாக்டர். இவன் மற்றவர்களுக்குக் கொடுத்தானா, மற்றவர்களிடம் வாங்கினானா என்று கேட்டாள். ரத்தம் அதைச் சொல்லாது என்றார்.

"இத்தன வருஷம் படிச்சுட்டுத் தெரியலன்னு சொல்லுது அந்தப் பொண்ணு," என்று என்னிடம் பொருமினாள். "அது பொய் சொல்லியிருந்தாகூட நல்லா இருந்திருக்கும்டா லெஸ்."

பிறகு தன்னிடமிருந்த பெண் பாம்புகளுக்கும் பரிசோதனை செய்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஆயிற்று. டீக்கனோடு வருஷா வருஷம் சேர்ந்த கிழவிக்கு நெகட்டிவ். அவனைக் கண்ணாலும் பார்க்காத ஓர் இளசுக்குப் பாசிட்டிவ். பாம்பு உண்ணி கடித்துப் பரவியிருக்கலாம், தாய் வயிற்றிலேயே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எத்தனை 'லாம்' என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

டீக்கனைச் சாப்பாட்டு அறைக்கு மாற்றினாள். மேலே ஒரு செருப்பு, கீழே ஒரு செருப்பு. இவ்வளவு காலம் எல்லாம் கலந்துதானே இருந்தன, இப்போது பிரித்து என்ன பயன் என்று ஒருநாள் தோன்றும், செருப்பைத் தூக்கி எறிவாள். மறுநாள் பயம் வந்து நிலவறை முழுக்க மருந்து தெளிப்பாள். படிக்கட்டின் நடுவில் நின்றுகொண்டு, மேலே போகவா கீழே போகவா என்று தெரியாமல் காலைப் பார்த்தபடி நின்றதை நானே பார்த்தேன். அந்த வாரத்தில் பஸ்ஸைப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டே போயிருக்கிறாள். பிள்ளைகள் ஜாலியாகக் கத்தியபோதுதான் உறைத்திருக்கிறது.

மாதக் கூட்டம் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடந்தது. வழக்கம்போல ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவந்திருந்தோம். வெர்னாவின் பியரோகிக் கொழுக்கட்டைக்கு எப்போதும் அடிதடி நடக்கும், அன்றைக்கு யாரும் அதைத் தொடவில்லை. வைரஸ் மனிதனுக்கு வராது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். டுவைட் எழுந்து, டீக்கனை ஊசி போட்டு மேலுலகம் அனுப்பிவிட வேண்டும், அதுவரை வெர்னாவிடம் கொடுக்கல் வாங்கல் கூடாது என்று தீர்மானம் படித்தார். செத்ததும் அவர் வளர்த்த உயிர்தானே, அதையும் சொல்ல வேண்டும்.

வெர்னா உட்கார்ந்தபடியே பேசினாள்.

"சரி, டுவைட். அனுப்பிடறேன். ஆனா ஒண்ணு. இங்க இருக்கிற எல்லாரும் அவங்கவங்க பாம்புக்கு ரத்தம் எடுத்துட்டு வாங்க. எதுக்கெல்லாம் பாசிட்டிவ்னு வருதோ, அதையெல்லாம் என் பையனோட சேத்து ஒரே நாள்ல அனுப்பிடுவோம். நானே பஸ் எடுத்துட்டு வரேன்."

எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நானும்தான். என் வீட்டுப் பெண் பாம்பு மூன்று தடவை அவனோடு சேர்ந்திருக்கிறது, அதற்கு ரத்தம் எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. தெரியாதவரைக்கும் நம் பாம்பு நல்ல பாம்பு. தெரிந்துவிட்டால் அதன் குட்டியை ஒருவரும் வாங்க மாட்டார்கள், நம் வீட்டுக்கு ஒருவரும் வர மாட்டார்கள். இதை மறைத்துக்கொண்டுதான் ஆளாளுக்கு நியாயம் பேசிக்கொண்டிருந்தோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தீர்மானம் ஓட்டுக்கு வரவில்லை. வெர்னா தன் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மதியம், டீக்கனின் புதிய அறையில் சூட்டு விளக்கு மாட்ட அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் டுவைட் நின்றார். கையில் தலையணை உறை, உள்ளே கனமாக ஏதோ அசைந்தது. அவரிடம் மிச்சமிருந்த கிழப் போவா ஐரிஸ். டீக்கனோடு ஒருபோதும் சேர்க்காதது.

"டாக்டர்கிட்ட போயிட்டிருக்கேன்," என்றார். "தனியா போக முடியல."

கதவைச் சாத்துவாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சாத்தியிருப்பேன். அவள் செருப்பை மாற்றிக்கொண்டு வந்து என் காரில் ஏறினாள். டுவைட் உறையோடு பின்சீட்டில் ஏறினார்.

டாக்டரின் கூடத்தில் பூனைக்காரர்களும் நாய்க்காரர்களும் எங்களைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். டுவைட் உறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். இது தின்கிறது, ஒரு குறையும் இல்லை என்று யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார். உள்ளேயிருந்து ஐரிஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"பாசிட்டிவ்னு வந்தா," என்றார் மெதுவாக, "இதக் கொன்னுதான் ஆகணுமா, வெர்னா?"

கூட்டத்தில் அவர் படித்ததை அப்படியே திருப்பிப் படிக்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் படிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"தெரியல, டுவைட்," என்றாள். "தினமும் காலைல அவன் முகத்தப் பாத்துட்டு, இன்னிக்கு வேணாம்னு சொல்லிக்கறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

மறுபடியும் பெயரைக் கூப்பிட்டார்கள். வெர்னா பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினாள், அவர் மடியிலிருந்த உறையைப் பாம்பு குலுங்காமல் தூக்கிக்கொண்டாள், "வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.