நீர்நாய் நிறத்து மண்

அப்பாவின் சட்டையைப் பார்த்தே அவர் அன்றைக்கு எந்தப் பக்கம் லோரி ஓட்டினார் என்று அம்மா சொல்லிவிடுவாள். முதுகில் செங்கல் சிவப்பு இருந்தால் பெம்பான் பக்கத்துத் தோட்டம். முழங்கையில் மஞ்சள் இருந்தால் டுரியான் துங்காலில் குன்றை வெட்டிப் பாதை போட்ட இடம். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டுபோய் எண்ணெய் ஆலையில் கொட்டுவது அப்பாவின் வேலை. குலையோடு ஒட்டிய மண்ணில் பாதி அவர் மேல் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் துணி துவைக்கும் மெஷின் இருந்தது. ஆனால் அப்பாவின் சட்டைகளை மட்டும் அம்மா கையால்தான் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய் ஒருநாள் சொன்னாள்:

“இந்த மண்ண வச்சுப் படமே வரையலாம்லா. போகவே மாட்டேங்குது.”

அம்மா சொன்னது வசவு. அப்பா அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

பின்கட்டில் ஓர் அம்மிக்கல் கிடந்தது. பிளெண்டர் வந்த பிறகு அதன்மேல் ஈரச் செருப்புகள்தான் காய்ந்தன. அப்பா அதைக் கழுவி எடுத்தார். கைபேசியில் எதையெதையோ பார்த்துவிட்டு, சில வாரங்கள் மண்ணைக் கெடுத்து, கடைசியில் ஒரு பக்குவத்துக்கு வந்தார். மண்ணைக் காயவைத்து இடித்து வாளித் தண்ணீரில் கரைப்பார். மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் வடிப்பார். அது தெளிந்த பின் அடியில் படிந்திருக்கும் வண்டல்தான் நிறம். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் முந்திரி மரத்துப் பிசினைக் கரைத்து ஊற்றி, ஒரு சொட்டுத் தேன் விட்டு, அம்மியில் மைபோல அரைப்பார். அதை வழித்துக் கழுவி வைத்த கெராங் சிப்பி ஓடுகளில் நிரப்பிக் காயவைத்தால் வேலை முடிந்தது. ஈரத் தூரிகையால் தொட்டால் நிறம் வரும்.

“உங்கப்பா மண்ணுல சட்னி அரைக்கிறாரு. தோசை ஊத்தட்டுமா?” என்று அம்மா என்னைக் கேட்பாள்.

லோரி ஓட்டுகிறவருக்கு உயரமான இருக்கை. காரில் போகிறவர்கள் பார்க்காததையெல்லாம் அப்பா பார்த்தார். வடிகால் ஓரத்தில் வெயில் காயும் உடும்பு, செம்பனை மட்டையில் சுருண்டு தூங்கும் மரநாய், குட்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு பாதையைக் கடக்கும் காட்டுப்பன்றி. பார்த்ததைத்தான் வரைந்தார். பார்க்காத எதையும் வரையமாட்டார். மீன்கொத்தி வேண்டும் என்று நான் அழுதபோது, “மண்ணுல நீலம் கிடையாதும்மா, நான் எங்க போவேன்?” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வரைந்த படங்களையெல்லாம் கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார். உடும்பு ஆலைக் கேண்டீனுக்குப் போனது, பன்றி ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் வீட்டுக்குப் போனது. எங்கள் சுவரில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எனக்கு எட்டு வயதானபோது அம்மாவுக்கு வயிறு பெரிதாக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, உறவில்லை, ஆனாலும் எங்கள் வீட்டு நல்லது கெட்டதெல்லாம் அவர் வாயால்தான் நடக்கும், அப்பாவை வாசலில் நிறுத்திவைத்துச் சொன்னார்:

“இந்தா தம்பி, புள்ள பொறக்குற வரைக்கும் தாடி எடுக்கக் கூடாது. எழவு வீட்டுக்குப் போகக் கூடாது. குழி வெட்டுற எடத்துல நிக்கக் கூடாது. முக்கியமா ஒரு உசுரக் கொல்லக் கூடாது. கரப்பான்பூச்சியா இருந்தாலும் சரி.”

அப்பா அன்றையிலிருந்து தாடி வளர்த்தார். எலிப்பொறியைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். அம்மாவுக்கு அந்தத் தடை ஏதும் இல்லாததால், வயிற்றைத் தாங்கிக்கொண்டு செருப்பும் கையுமாகக் கரப்பான்பூச்சியைத் துரத்துவாள். அப்பா நாற்காலியில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, “அந்தப் பக்கம் ஓடுச்சு பாரு” என்று வழி மட்டும் சொல்வார். ஒருமுறை குளியலறைக்குள் பாம்பு வந்துவிட்டது. பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, “போய்டுப்பா, நல்ல புள்ளல்ல” என்று அதனிடம் வெகுநேரம் கெஞ்சினார். பாம்பும் போய்விட்டது. அம்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நாட்களில்தான் டுரியான் துங்கால் அணைக்கட்டுப் பக்கம், விடியற்காலையில், ஒரு நீர்நாயும் இரண்டு குட்டிகளும் தண்ணீரிலிருந்து ஏறி வந்ததை அப்பா பார்த்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கோடு போட்டார். கரைக்கு மஞ்சள் மண், தண்ணீருக்கு நீர்த்த வெள்ளைக் களிமண். எல்லாம் அழகாக அமைந்தது. நீர்நாய்களுக்குத்தான் நிறம் அமையவில்லை. நனைந்த ரோமத்தின் பழுப்பு எந்தச் சிப்பியிலும் இல்லை. சிவப்பையும் கறுப்பையும் குழைத்து ஒரு துண்டுத் தாளில் தீட்டிப் பார்த்தார். “எருமை மாதிரி இருக்குங்க” என்றாள் அம்மா. அப்பா தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். படத்தின் நடுவே தாயும் குட்டிகளும் வெறும் வெள்ளைத் தாளாக நின்றார்கள்.

நான் அந்தப் படத்தை எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரிய குட்டி நான், சின்னக் குட்டி தம்பி என்றும் அறிவித்துவிட்டேன். தம்பிதான் பிறப்பான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. அதற்குப் பிறகு தினமும் அப்பா லோரியை நிறுத்தும்போதே ஓடிப்போய், “மண்ணு கிடைச்சுச்சாப்பா?” என்று கேட்பேன். கிடைத்திருக்காது.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னையும் லோரியில் ஏற்றிக்கொண்டார். நீர்நாயைக் காட்டுவதாக வாக்கு. காலையில் அணைக்கட்டுக் கரையில் அம்மா கட்டிக்கொடுத்த நாசி லெமாக்கைத் தின்றுகொண்டு காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. “திரும்பி வரும்போது பாக்கலாம்மா” என்றார். பகலெல்லாம் குலை ஏற்றி இறக்கி முடித்து, எனக்காகவே சுற்றிக்கொண்டு, வெறும் லோரியோடு அதே சாலையில் வந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விழித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நான் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

லோரி ஒருமுறை தூக்கிப்போட்டது. தலை கண்ணாடியில் இடித்து விழித்துக்கொண்டேன்.

“என்னாப்பா?”

“குழிம்மா. நீ தூங்கு.”

லோரி நின்றது. அப்பா பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பிறகு இருக்கைக்குப் பின்னால் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். மண் எடுக்கத்தான் போகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மண் அள்ளும் பால் டின்னை மட்டும் விட்டுவிட்டுப் போனார். நான் ஜன்னலை இறக்கி, “அப்பா, டின்ன மறந்துட்டீங்க!” என்று கத்தி அதை நீட்டினேன். அவர் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டார்.

“எறங்காத. அங்கயே இரு.”

லோரிக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் அவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். லாலாங் புல்லின் ஓரமாகக் குனிந்து நடந்து, வாயால் ‘ச்சு, ச்சு’ என்று எதையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காட்டுவதற்காக நீர்நாயை அழைக்கிறார் என்று நினைத்தேன். கொடுத்த வாக்கை மறக்காத அப்பா என்று பெருமையாகக்கூட இருந்தது. இருட்டும்வரை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கையெல்லாம் சேறு. டின் காலியாக இருந்தது.

“மண்ணு?”

“இந்த மண்ணு ஆகாதும்மா.”



மறுநாள், அப்பா வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சப்பாத்து வாசலில் கிடந்ததைப் பார்த்தேன். அடியில் அப்பிக் காய்ந்திருந்த மண், நான் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த அதே நிறம். கரண்டியால் சுரண்டி எடுத்தேன். அப்பா செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் பாடமாகியிருந்தது. கரைத்தேன், வடித்தேன், வெயிலில் வைத்தேன், பிசின் ஊற்றி அரைத்தேன். சாயங்காலம் நானே உட்கார்ந்து தாயையும் குட்டிகளையும் தீட்டினேன். கோட்டுக்கு வெளியே கொஞ்சம் வழிந்தது. ஆனால் நிறம் அவ்வளவு பொருத்தம்.

“அடி ஆத்தே, இப்பதான் தண்ணியிலேர்ந்து ஏறி வந்த மாதிரியே இருக்கு!” என்றாள் அம்மா.

அப்பா வந்ததும் படத்தை அவர் முன்னால் பிடித்தேன்.

“எந்த மண்ணும்மா இது?”

“உங்க சப்பாத்து மண்ணுதான். ஆகாதுன்னு சொன்னீங்களே, பாருங்க, இதுதான்ப்பா சரியான மண்ணு!”

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். தாய் நீர்நாயின் முதுகில் ஒரு விரலை வைத்தார். அது இன்னும் காயவில்லை. விரல் பட்ட இடம் லேசாகக் கலைந்துபோனது. “நல்லாருக்கும்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாய்த் தண்ணீர் சப்பாத்தின்மேல் விழுந்துகொண்டே இருந்த சத்தம் கூடம்வரை கேட்டது. தன்னால் கண்டுபிடிக்க முடியாத நிறத்தை மகள் கண்டுபிடித்துவிட்டாளே என்று அப்பாவுக்குப் பொறாமை என்று நான் முடிவு செய்தேன். அம்மா படத்தைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினாள்.

மாதம் நிறைவதற்கு முன்பே, ஒரு மத்தியானம், அம்மாவை மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அப்பா என்னை அழைத்துப்போக வந்தார். தாடி இல்லை. அப்பாவின் முகத்தை நான் மறந்தே போயிருந்தேன். எனக்கு அது எவ்வளவு அழகாக இருந்தது!

“தாடி எடுத்துட்டீங்க! தம்பி பொறந்துட்டானா?” என்று குதித்துக்கொண்டு ஓடினேன்.

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் கன்னம் வழவழவென்று குளிர்ந்திருந்தது. நான் அதைத் தடவிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

கொடி சுற்றிக்கொண்டது என்று டாக்டர் சொன்னாராம். அம்மா அதை நம்பினாள். அப்பா எதை நம்பினார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் தூரிகையைத் தொடவில்லை. அம்மிக்கல்லின்மேல் மறுபடியும் செருப்புகள் காய்ந்தன. ஒருமுறை அப்பா அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றப் போனபோது, எப்போதும் சிரிக்கிற அம்மா வீடே அதிரும்படி கத்தினாள்: “அதுல கைய வைக்காதீங்க! அதுல மட்டுந்தான் எனக்கு ரெண்டு புள்ள இருக்கு.”

படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கடையில் வாங்கிய சாயமாக இருந்தால் இந்நேரம் வெளுத்திருக்கும். மண் வெளுக்கவில்லை. அப்பா அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுவார். காற்றாடிக் காற்றுக்காக அந்த நாற்காலி என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு டுரியான் துங்காலில் வேலை. அதே சாலையில்தான் கார் ஓட்டிக்கொண்டு போகிறேன். மழை பெய்தால் அந்தச் சாலை முழுக்கக் குழி. போன மழையில் ஒன்றில் இறங்கி ஏறினேன். குழியென்றால் வண்டி முதலில் கீழே போகும், பிறகுதான் மேலே வரும். நான் தூங்கி விழித்த அந்தச் சாயங்காலம் அப்பாவின் லோரி முதலில் மேலே எழும்பியது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதேன்.

அப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். பொய் சொல்ல வராதவர் அவர். ‘குழிம்மா’ என்று வாயில் வந்துவிட்டது. அதனால் இறங்கிப் போய், முகம் நிறையத் தாடியோடு, தன் கையாலேயே ஒரு குழியை வெட்டித் தாயை அதில் மூடிவிட்டு, குட்டிகளைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தார். நானோ, மறந்துவிட்டுப் போகிறாரே என்று டின்னை நீட்டிக்கொண்டிருந்தேன்.